பதினேழாம் தொகுதியின் கிழக்கு எல்லை

ஒரு தொகுதி செத்துப்போனால் அதற்கு இரங்கல் எழுதவும் ஓர் ஆள் வேண்டும். எங்கள் தேர்தல் அலுவலகத்தில் அந்த ஆள் நான். நாடாளுமன்றத் தொகுதிகளைத் திருத்தியமைத்தபோது பதினேழாம் தொகுதியை இரண்டாகக் கிழித்து, பாதியைப் பதினாறுக்கும் மீதியைப் பதினெட்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். முப்பத்துநான்கு வருடம், ஏழு தேர்தல், நான்கு உறுப்பினர்கள். அத்தனையும் ஒரு நாள் செய்தித்தாளில் விரல் நீளச் செய்தியாக முடிந்துபோயிற்று. மறுவாரம் எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, அந்தத் தொகுதிக்கு ஒரு சரித்திரம் எழுதி ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பவேண்டும் என்றார்.

“நாப்பது பக்கத்துக்கு மேல போகாம பாத்துக்கங்க. யாரும் படிக்கப் போறதில்ல. ஆனா தப்பு மட்டும் இருக்கக் கூடாது.”

யாரும் படிக்காத ஒன்றில் தப்பு இருந்தால்தான் யாருக்கென்ன என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். தப்பு இருக்கத்தான் செய்தது. இருபத்திரண்டு வருடமாக அதை ஒருவர் வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் எங்கள் ஸ்கேல் அக்கா.

ஸ்கேல் அக்கா எங்கள் வரைபட அறையின் ஒரே அரசி. ஓரடி நீள இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் அவர் கைப்பைக்கு வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரை எத்தனை தடவை அது குத்தியிருக்கிறதோ தெரியாது. சுவரில் காலண்டர் கால் அங்குலம் சாய்ந்திருந்தாலும் அவருக்குக் காப்பி இறங்காது. நாங்கள் வேண்டுமென்றே அதைச் சாய்த்துவைப்போம். வந்ததும் வராததுமாக அதை நிமிர்த்திவிட்டு, “எந்தக் கழுதை பண்ண வேலை இது?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். சாய்வு மேசை, அகலமான இழுப்பறைகள், அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசை, நகலெடுக்கும் மெஷினின் மூக்கைப் பிடுங்கும் அமோனியா வாசனை, இவற்றுக்கு நடுவே இருபத்துமூன்று வருடம் கோடு போட்டவர்.

வாயாடிதான். விலைவாசி, மருமகன், மாடிப்படியில் எச்சில் துப்புகிறவர்கள் என்று எதைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசுவார். தேர்தல் அலுவலகத்தில் இருந்துகொண்டு தேர்தலைப் பற்றி மட்டும் பேசமாட்டார். வாக்கு எண்ணும் நாளில் ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தலைவலி வந்து லீவு போட்டுவிடுவார். அதை நான் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

சரித்திரத்துக்காக ஏழு தேர்தல் வரைபடங்களையும் வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடி மேசையில் போட்டு விளக்கை எரியவிட்டேன். எல்லைகள் அங்கங்கே நகர்ந்திருந்தன. ஒவ்வொரு நகர்வுக்கும் ஓர் அரசாணை இருந்தது. மூன்றாம் தேர்தலுக்கும் நான்காம் தேர்தலுக்கும் நடுவே மட்டும், கிழக்கு எல்லையில், சுண்டுவிரல் நகமளவு இடம் எந்த ஆணையும் இல்லாமல் காணாமல் போயிருந்தது.

“அக்கா, இங்க பாருங்க. மூணாம் மேப்புல வயிறு தள்ளியிருக்கு, நாலுல ஒட்டிப்போச்சு. யாரு சொல்லி ஒட்டுச்சு?”

அவர் வந்து பார்த்தார். ஸ்கேலை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். அளக்காமலே மறுபடி எடுத்தார். முகம் வெளுத்துவிட்டது.

“வா, டீ குடிச்சிட்டு வரலாம்” என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டதே இல்லை. கடைக்குப் போகும் பொறுமைகூட இல்லாமல், மாடிப்படியின் பாதியிலேயே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே எல்லை ஒரு வாய்க்கால். மேற்கே பதினேழு, கிழக்கே பதினெட்டு. ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு வாய்க்காலைத் திருப்பி, சோப்பு பேக்டரிக்கு மேற்கே புதிதாக வெட்டினார்கள். அதனால் பேக்டரிக்குப் பின்னால் இருக்கும் மூன்று சந்துகள் வாய்க்காலுக்குக் கிழக்கே போய்விட்டன. மூன்றாம் தேர்தலுக்கு முன்னால் வந்த ஆணை, இனிப் புது வாய்க்கால்தான் எல்லை என்றது. அதை வரையும் வேலை ஸ்கேல் அக்காவிடம் வந்தது. அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.

எங்கள் வரைபட அறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இழுப்பறையில் மேலே இருக்கும் தாள்தான் புதியது. தேதி பார்ப்பதெல்லாம் கிடையாது. யாரோ நகலெடுத்துவிட்டு, புது வாய்க்கால் இருக்கும் தாளை அடியில் சொருகியிருக்கிறார்கள். அக்கா மேலே இருந்த பழைய தாளை எடுத்து, டிரேசிங் பேப்பரைப் போட்டு, பழைய வாய்க்கால்மேலேயே முடிபோல மெல்லிய கோடாக இழுத்துவிட்டார். மேலதிகாரி அந்தக் கோட்டின் நேர்த்தியைப் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போட்டார். பதினெட்டுக்குப் போகவேண்டிய மூன்று சந்தும் பதினேழிலேயே தங்கிவிட்டது. அந்தச் சந்துக்காரர்கள் அதற்கு முன்னால் இரண்டு தடவை பதினேழில் ஓட்டுப் போட்டவர்கள். அவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை.

“அப்ப உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“ரிசல்ட் வந்து மூணு வாரம் கழிச்சுப் பொண்ணோட யூனிபார்மத் தைக்கக் குடுக்க அந்தச் சந்துக்குப் போனேன். போற வழியில ஒரு சின்னப் பாலம். நடுப் பாலத்துல நின்னுட்டேன். கீழ வாய்க்கால் ஓடுது. நான் போட்ட கோட்டுல அது சந்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கணும்? தைக்கக் குடுக்காமலே திரும்பி வந்துட்டேன்.”

அவ்வளவுதான் என்றால் அடுத்த திருத்தத்தோடு முடிந்துபோயிருக்கும். உண்மையிலேயே அக்கா நான்காம் தேர்தலுக்கு அந்தக் கோட்டைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டார். ஆனால் அந்த மூன்றாம் தேர்தலில் பதினேழில் நின்று தோற்றவர் அவருடைய கணவரின் அண்ணன். தோற்றது பதினொரு ஓட்டில்.

அவரை ஊருக்கே தெரியும். மருந்துக்கடைக்காரர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் ‘பதினொண்ணு’. அக்காவின் கணவர் அந்தக் கடையில்தான் அன்றும் இன்றும் மருந்து எடுத்துக் கொடுக்கிறார். அண்ணன் தயவில் ஓடுகிற குடும்பம்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது அந்த வீட்டில்தான் நடந்தது. மருந்துக்கடைக்காரருடைய மனைவியின் தம்பி வாடகை வேன் ஓட்டுகிறவர். ஓட்டுப்போடும் நாளன்று வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்த சொந்தக்காரர்கள் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு வரக் கிளம்பினார். பதினாலு பேரும் அத்தானுக்கென்று நிச்சயமான ஓட்டு. பாதி வழியில் ரேடியேட்டர் வெடித்தது. அவர்கள் வந்து சேர்ந்தபோது வாக்குச்சாவடியின் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. வேனில் பதினாலு, வித்தியாசம் பதினொன்று. கணக்கில் முட்டை வாங்குகிறவனும் போடக்கூடிய கணக்கு. அன்றோடு அந்த வேன்காரருக்கு மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசல் மூடிவிட்டது. இருபத்திரண்டு வருடம். சொந்த அக்காவின் பிள்ளைகளுடைய கல்யாணத்துக்குக்கூட அவருக்கு அழைப்பு இல்லை.

“ஜெயிச்சவரு சோப்பு பேக்டரி சூப்பர்வைசர்” என்றார் ஸ்கேல் அக்கா. “அந்த மூணு சந்துலயும் இருக்கறவங்க அவருகிட்ட வேலை பாக்கறவங்க. அவருக்குத்தான போட்டிருப்பாங்க? என் கோடு சரியா இருந்திருந்தா பெரியத்தான் ஜெயிச்சிருப்பாரு. வேன் வந்தா என்ன, வராட்டி என்ன? அந்தத் தம்பி பண்ணாத தப்புக்கு வெளிய நிக்குது. பண்ணவ நான் பெரியத்தான் வீட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கேன்.”

“ஏன் சொல்லல?”

“புது வேலை. ரெண்டு குழந்தை. எங்க வீட்டுக்காரர் சம்பளம் பெரியத்தான் கையில. சொல்லலாம் சொல்லலாம்னு ஒரு வருஷம் போச்சு. அதுக்கப்புறம், ஏன் ஒரு வருஷமா சொல்லலன்னு கேப்பாங்களேங்கற பயம் சேந்துக்கிச்சு.”

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. காலண்டர் கால் அங்குலம் சாய்ந்தால் எங்களைக் கழுதை என்று திட்டுகிறவர், ஒரு மனிதனை இருபத்திரண்டு வருடம் தெருவில் நிறுத்தியிருக்கிறார். ஆனால் படியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது அந்தக் கோபம் நிலைக்கவில்லை. அவர் நல்ல மனுஷி. பயந்துவிட்டார், அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்துக்காரர்கள் யாருக்குப் போட்டார்கள் என்பது அவருடைய ஊகம். அந்தக் காலத்தில் சாவடிவாரியாக எண்ணினாலும் மொத்தத்தை மட்டும்தான் வெளியிடுவார்கள். சாவடிவாரித் தாள்கள் முத்திரை வைத்து ஆவண அறை பீரோவில் இருக்கும். தொகுதி உயிரோடு இருக்கும்வரை தொடக்கூடாது. இப்போது அது போய்ச் சேர்ந்துவிட்டதே!

மறுநாள் காலை அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அக்காவே சொன்னார், நின்றுகொண்டே. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“தொகுதியே இல்ல. அதுக்கு எல்லைத் தகராறு யாரு போடப் போறா? வழக்குப் போடற காலமும் எப்பவோ போயிடுச்சு. சரித்திரத்துல ஒரு அடிக்குறிப்பு எழுதிடுங்க. உக்காருங்கம்மா முதல்ல.” சொல்லிவிட்டு பீரோ சாவியை மேசைமேல் வைத்தார்.

ஆவண அறையில் எங்களைத் தவிர நான்கு பல்லிகள் இருந்தன. மூன்றாம் தேர்தல் கட்டை அவிழ்த்து, சாவடி எண் நாற்பத்தொன்று, சோப்பு பேக்டரி கேன்டீன் என்ற தாளைத் தேடி எடுத்தேன். மூன்று சந்துக்கும் அந்த ஒரே சாவடிதான், வேறு தெருக்காரர்கள் யாரும் அங்கே ஓட்டுப் போடவில்லை. அக்கா முதலில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பிறகு பொறுக்காமல் வந்து, வரி மாறிவிடக் கூடாது என்று ஸ்கேலை அடியில் வைத்துப் படித்தார்.

பதிவானது நூற்று எண்பத்தேழு. செல்லாதது எட்டு. சூப்பர்வைசருக்கு ஐம்பத்தொன்று. மருந்துக்கடைக்காரருக்கு நூற்று இருபத்தெட்டு.

“மாத்திப் படிக்கறேனா?” என்றார் அக்கா.

“இல்லக்கா. சரியாத்தான் படிக்கறீங்க.”

“அவருகிட்ட வேலை பாக்கறவங்க...”

“அதனாலதான் போடல. தினமும் கூட இருந்து பாத்தவங்களுக்குத்தான தெரியும், மனுஷன் எப்படிப்பட்டவருன்னு!”

அந்தச் சந்துகளில் மட்டும் மருந்துக்கடைக்காரர் எழுபத்தேழு ஓட்டு கூடுதலாக வாங்கியிருந்தார். அக்காவின் தப்பு அவரைத் தோற்கடிக்கவில்லை, முடிந்தவரை தாங்கிப் பிடித்திருக்கிறது. கோடு ஒழுங்காக விழுந்திருந்தால் பதினொன்றோடு எழுபத்தேழும் சேர்ந்து, எண்பத்தெட்டு ஓட்டில் மண்ணைக் கவ்வியிருப்பார். அக்கா இதை என் பேனாவால் தன் உள்ளங்கையில் மூன்று தடவை போட்டுப் பார்த்தார். அப்புறம் ஒரு காகிதக் கட்டின்மேல் தொப்பென்று உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். தூசியில் தும்மலும் சேர்ந்துகொண்டது. நடுநடுவே சிரித்தார்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றேன். “அடிக்குறிப்பை நான் பாத்துக்கறேன். யாரும் படிக்கப் போறதில்ல. நீங்க நிம்மதியா தூங்குங்க.”

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“எனக்குப் போச்சு. அந்த வேன் தம்பிக்கு?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எண்பத்தெட்டு வித்தியாசம் என்றால் பதினாலு பேர் வந்தும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அதைச் சொல்ல, முதலில் தன் தப்பைச் சொல்லவேண்டும். கூடவே, மருந்துக்கடைக்காரர் இத்தனை வருடமாக மார்பில் பதக்கமாகக் குத்திக்கொண்டிருக்கும் அந்தப் பதினொன்றைப் பிடுங்கவேண்டும். மனிதர் கோபக்காரர். தம்பியை, அதாவது அக்காவின் கணவரை, கடையை விட்டு வெளியே போ என்று சொல்ல ஒரு நொடி போதும். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாளின் நகலோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. கூடத்தில் உறை போட்ட சோபா, சுவரில் சட்டம் போட்ட பழைய தேர்தல் போஸ்டர். அதில் அவருக்குத் தலைமுடி நிறைய இருந்தது. நான் தேர்தல் அலுவலகம் என்று தெரிந்ததும் டீ வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“பதினொரு ஓட்டு தம்பி! நாப்பதாயிரம் பேரு ஓட்டுப் போட்ட தொகுதியில வெறும் பதினொண்ணு! அதுக்குப் பேரு தோல்வியா?”

டீயைக் கொண்டுவந்த அவர் மனைவி தட்டை வைத்த கையோடு உள்ளே திரும்பினார். அந்தக் கதை ஆரம்பித்தால் அவர் அங்கே நிற்பதில்லை போலிருக்கிறது.

“அக்கா, போகாதீங்க. நீங்களும் கேக்கணும்” என்றார் ஸ்கேல் அக்கா. “பெரியத்தான், அந்தத் தேர்தல்ல எல்லைக்கோடு தப்பு. அத தப்பாப் போட்டது நான்.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். இழுப்பறை, பழைய தாள், பாலம், எதையும் விடவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர் டீக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியது.

“அப்ப... கோடு சரியா இருந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். அதத்தான சொல்ல வர்ற?”

“இல்ல பெரியத்தான்” என்று தாளை நீட்டினார் அக்கா. “எண்பத்தெட்டு ஓட்டுல தோத்திருப்பீங்க.”

அவர் தாளை வாங்கி, தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் படித்தார். கடைக்காரர் இல்லையா, கூட்டல் கழித்தலுக்கு அவருக்குப் பேனா தேவைப்படவில்லை. வெளிச்சம் அணைந்துவிட்டது.

“பதினொண்ணுன்னா கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு சொல்லிக்கலாம்” என்றார். “எண்பத்தெட்டுன்னா, ஜனங்க வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு அர்த்தம்.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, விழப்போகும் வார்த்தைக்காகக் காத்திருந்தார். கதவோரத்தில் நின்ற அவருடைய ஓரகத்திதான் வாயைத் திறந்தார்.

“அப்ப என் தம்பி?”

சத்தம் போடவில்லை. அந்த மூன்று சொல்லைத்தான் கேட்டார். மருந்துக்கடைக்காரர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எண்பத்தெட்டுல பதினாலு போனா எழுபத்திநாலு” என்று முணுமுணுத்தார். பிறகு, “அவன் நம்பர் யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டார்.

மனைவி வந்து செல்போனை எடுத்து, எதையும் பார்க்காமல், பத்து எண்களையும் மடமடவென்று அழுத்திக் கொடுத்தார். அவ்வளவு மனப்பாடம் எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. செவி மந்தமானதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எங்களுக்கும் கேட்டது.

“நாந்தான். மருந்துக்கடை.”

அந்தப் பக்கம் பதறிய ஒரு குரல்.

“அத்தான்... அக்காவுக்கு என்ன ஆச்சு?”

தன் அக்காவுக்கு ஏதாவது ஆனால்தான் இந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்று அந்த மனிதர் இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அவளுக்கு ஒண்ணுமில்லடா. நல்லாருக்கா. இதோ எதிர்லதான் நிக்கறா.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “அன்னிக்கு நீ நேரத்துக்கு வந்திருந்தாலும் நான் தோத்திருப்பேன்டா. தாராளமா தோத்திருப்பேன். கணக்கு இப்பத்தான் தெரிஞ்சுது.”

தான் தோற்றதை ஒரு மனிதர் அவ்வளவு ஆசையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. முகத்திலிருந்து பத்து வயது இறங்கியிருந்தது. பதினொன்றை மட்டுமா அவர் இத்தனை நாள் சுமந்தார்? மச்சினனை வெளியே நிறுத்திய கனமும் அவர் தலையில்தான் இருந்திருக்கிறது.

ஸ்கேல் அக்கா எழுந்து போய் போனை வாங்கிக்கொண்டார். கேட்கக்கூட இல்லை, பிடுங்கிக்கொண்டார் என்றே சொல்லவேண்டும்.

“தம்பி, தப்பு என்னோடது. தெரிஞ்சும் இத்தனை வருஷம் வாயத் திறக்காம இருந்துட்டேன். உங்கள வெளிய நிக்க வெச்சுட்டேன்” என்று ஆரம்பித்தவர் மேலே பேச முடியாமல் விம்மினார்.

“அழாதீங்கக்கா. நீங்க எதச் சொல்றீங்கன்னே எனக்குப் புரியல” என்றது போன். அந்தக் குரலும் உடைந்துதான் இருந்தது. “அத்தான் பேசிட்டாருல்ல, போதும். நான் அங்க வரலாமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”